எந்த மாதத்துத் தண்ணீர்

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் அத்தை வீட்டில் ஒரு பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். பெற்ற மகன் படகு கேட்டான், பட்டறை நிறைய மரத்தை வைத்துக்கொண்டு கிழவி கையை விரித்துவிட்டாள் என்று. முதலில் அதைத் திருத்துகிறேன். நான் கையை விரிக்கவில்லை. படகின் அடிப்பக்கம் எப்படிப்பட்டதாக வேண்டும் என்று கேட்டேன். கேட்பதும் மறுப்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் உன் அத்தைக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள் அவள்.

நான் நலம். படியேறும்போது மட்டும் வலது முழங்கால் முணுமுணுக்கிறது. நீயும் குட்டியும் நலமா? உன் வீட்டுக்காரியும் நலம் என்றே நினைக்கிறேன்.

நீ போனில் கேட்டாய். போனில் நான் பதில் சொல்லமாட்டேன். பேசியதை ஆளுக்கொரு விதமாகத் திரித்துக்கொள்ளலாம், எழுதியதை முடியாது. மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். படகு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்கு மேலே தெரிவதைத்தான் பார்க்கிறார்கள். வர்ணத்தைப் பார்க்கிறார்கள், மோட்டாரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தொழில் நடப்பது தண்ணீருக்குள் இருக்கிற பக்கத்தில். உன் அப்பா இருந்த நாளிலும் சரி, அவர் போய் நான் பட்டறையை நடத்துகிற இந்த நாளிலும் சரி, அடியைத் தீர்மானிக்காமல் நம் படகுத் தச்சர் ஓடாவி உளியைத் தொட்டதில்லை. நீ படகு கட்டுகிற வீட்டில் பிறந்தவன். "முழங்கால் தண்ணிதாம்மா" என்கிறாய். யாருடைய முழங்கால்? எந்த மாதத்து முழங்கால்? மழை முடிந்ததும் இடுப்புக்கு நிற்கிற உப்பங்கழி, வறண்ட மாதத்தில் கணுக்காலை நனைக்காது. மாதத்தைச் சொல்லாமல் தண்ணீரின் அளவைச் சொல்கிறவன் ஒன்று முட்டாள், இல்லையென்றால் கேட்கிறவனைத் தரை தட்ட வைக்கப் பார்க்கிறவன்.

அடியில் சேறா, மணலா? பாசி உண்டா? எத்தனை பேர், எந்தப் பக்கம் நின்று வலை இழுப்பீர்கள்? அளந்து எழுது.

வெயிலில் தலைக்குத் துணி போடாமல் போகாதே.

அம்மா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

சின்னவன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குட்டிக்கு மட்டும் கொஞ்சம் இருமல். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள் உங்கள் மருமகள்.

அளந்துவிட்டேன். நாங்கள் வலை போடுவது கழியின் நடுத்திட்டில். மழை முடிந்த மாதத்தில் மூன்றடி. ஏப்ரல், மே மாதங்களில் ஓரடிக்கும் கீழே. அடியில் சேறு, அதன்மேல் பாசி. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க மணல். நானும் இன்னொருவரும் இடப்பக்கம் நின்று இழுப்போம்.

முன்பக்கம் வி மாதிரி கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் ஒரு அடி வேண்டும் அம்மா. ஏன் என்றால், வருடத்தில் பாதி நாள் கழியில் மீன் இல்லை. முகத்துவாரத்தைத் தாண்டினால் மச்சானின் தீவு. "வந்துரு மாப்ள, இங்க ரெண்டு பேர் தொழிலுக்கு இடம் கெடக்கு" என்கிறான். வீடும் பார்த்து வைத்திருக்கிறான். இந்தக் கழிக்கும் அந்தக் கடலுக்கும் ஒரே படகு போதும் என்பது என் கணக்கு.

கழிக்கும் கடலுக்கும் முகத்துவாரம் ஒன்றுதான் வாசல். அலை அங்கேதான் உடைகிறது. முழுத் தட்டை அதைத் தாங்குமா? இது ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


பிப்ரவரி 27

அன்புள்ள சின்னவனுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரியின் வைத்தியத்துக்கு நன்றி சொல். எனக்கு டாக்டர் இருக்கிறார். குட்டியின் இருமல் ஈரத்தரையில் படுப்பதால் வருவது. பாய்க்குக் கீழே பலகை போடு.

நீ அளந்தது சரியாக இருக்கிறது. அதனால் பதிலும் சுலபம். தட்டை அடி.

வி அடி தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும் என்பது உண்மை. வெட்ட ஆழம் வேண்டும். ஓரடித் தண்ணீரில் அதன் முனை சேற்றைத்தான் கீறும். நீ மீன் பிடிக்கப் போகிறாயா, உழவுக்குப் போகிறாயா? தட்டை அடி, காலியாக இருந்தால் நான்கு விரல் தண்ணீரில் மிதக்கும். ஆளும் வலையும் மீனும் ஏறினால் ஒரு சாண். இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று இழுத்தால் வி சாயும். தட்டை, வீட்டுத்தரை மாதிரி நிற்கும். பாசி சுற்றாமல் இருக்க மோட்டாரை மேலே தூக்கி வைக்கும்படி பின்பலகையை அமைக்கலாம். தரை தட்டினாலும் இறங்கித் தள்ள ஒரு ஆள் போதும். நீ கேட்கிற முன்பாதி வி, பின்பாதி தட்டை என்பது பாதிப் படிப்பு மாதிரி. எழுதவும் வராது, உழவும் வராது.

உன் அண்ணன் கேட்டபோது, பட்டறையில் இறங்கியதிலேயே சிறந்த வி அடியை அவனுக்குக் கொடுத்தேன். ஓடாவி இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் படகு அவனை நன்றாகத்தான் கொண்டுபோனது. திரும்பக் கொண்டுவரத்தான் இல்லை. என் பிறந்தநாளுக்கு அட்டை வருகிறது. அதில் வாழ்த்து அச்சடித்தது. கையெழுத்து அவன் மனைவியுடையது.

இன்னொன்று. குட்டிக்கு ஜூனில் மடத்துப் பள்ளியில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். கழியிலிருந்து நீங்கள் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

குளிர்ந்த தண்ணீரைக் குட்டிக்குக் கொடுக்காதே.

அம்மா


மார்ச் 15

அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பலகை போட்ட பிறகு குட்டியின் இருமல் குறைந்திருக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான்.

தட்டையே இருக்கட்டும். நீங்கள் சொன்னால் அதில் காரணம் இருக்கும். ஆனால் அணியத்தை, அந்த முன்முனையை மட்டும், வழக்கமான அளவைவிட ஒரு சாண் உயர்த்தச் சொல்லுங்கள். முகத்துவாரத்தின் முதல் அலை உள்ளே ஏறாது. மற்றதை நான் சமாளித்துக்கொள்வேன். போன கடிதத்தில் முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தீர்கள். அது மட்டும் விடுபட்டுவிட்டது. அவசரத்தில் எழுதியிருப்பீர்கள்.

பள்ளிக்கூட விஷயத்தைக் குட்டியிடமே கேட்டேன்.

"பாட்டி வீட்ல இருந்து படிக்கிறியா குட்டி?"

"பாட்டி திட்டுவாங்களே."

"உன்னையா?"

"இல்ல. அம்மாவ."

சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அவள் அம்மாவை விட்டு இருக்கமாட்டாள் அம்மா. தீவிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


ஏப்ரல் 12

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நலம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற நிலை இன்னும் வரவில்லை.

படகு முடிந்தது. பதினெட்டு அடி நீளம், நடுவில் ஐந்தடி அகலம். பட்டறைக் குளத்தில் இறக்கி நானே ஏறி நின்று பார்த்தேன். ஓடாவியும் அவர் ஆட்கள் மூவரும் இடப்பக்கம் வந்து நின்றார்கள். என் கையிலிருந்த காபி சிந்தவில்லை. அடிப்பலகைகள் குறுக்காகப் போட்டவை. சேற்றில் இழுத்தாலும் பெயராது. வறண்ட மாதத்தில், மற்றவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கும்போது, நீ ஒருவன் நடுத்திட்டில் வலை போடலாம். இந்தக் கழியில் உனக்கு ஒரு குறையும் வராது.

அணியத்தைப் பற்றி ஓடாவியிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் லாரியில் அவரே கொண்டுவருவார்.

குட்டி சொன்னதாக நீ எழுதியது குட்டி சொன்னதல்ல. அவள் காதில் யாரோ ஓதியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீருடைக்குத் துணி எடுத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


மே 19

அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போன தடவை மாதிரி சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். அவரால் பேனா பிடிக்க முடியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

படகு வந்த அன்று நானும் துறையில் இருந்தேன். இவர் அணியத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடாவியிடம் கேட்டார்.

"உசத்திக் கேட்டிருந்தேனே. இது தாழ்ந்துல்ல இருக்கு?"

"வழக்கமா வைக்கிறதுலேர்ந்து ஒரு சாண் கொறைச்சிருக்கேன் தம்பி. அம்மா சொன்னாங்க."

"கொறைக்கச் சொன்னாங்களா?"

"நானும் ரெண்டு தடவ கேட்டேன். உசத்தவாம்மா, கொறைக்கவாம்மான்னு. 'காதுல என்ன பஞ்சா வச்சிருக்க'ன்னாங்க. வலை இழுக்க வசதியாம்."

லாரியில் ஏறப் போனவர் இறங்கி வந்து, "மொகத்துவாரம் பக்கம் போயிராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போக வேண்டாம் என்றேன். "அம்மா யோசிக்காம செய்யமாட்டாங்க" என்றார் இவர். "எனக்கும் அதான் பயம்" என்றேன். சிரித்தார்.

பதினான்காம் தேதி காலை, காற்றில்லாத நேரம் பார்த்து, இவரும் என் அண்ணனும் போனார்கள். முதல் அலை சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி அணியத்தின் மேலே ஏறி உள்ளே வந்தது. இரண்டாவது அலை தட்டை அடியைத் தூக்கி அறைந்தது. படகு குப்புறக் கவிழ்ந்தது. இவருடைய வலது தோள் பலகையில் மோதிக் கழன்றுவிட்டது. அண்ணன் இவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். ஏறுகிற தண்ணீர் இரண்டு பேரையும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. வலை போய்விட்டது. படகு கவிழ்ந்தும் மூழ்கவில்லை. நல்ல மரம்தான்.

குட்டி கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை. அப்பா ஏன் படகுக்கு அடியில் போனார் என்று மட்டும் கேட்டாள்.

அதையேதான் நானும் கேட்கிறேன். தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா? ஒரு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 2

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிழைகள் குறைந்திருக்கின்றன.

அவன் தோளைக் கண்டவர்களிடம் காட்டிப் பிசையவிடாதே. இங்கே அழைத்து வா. எலும்பு டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கை அசையாமல் கட்டியிருக்க வேண்டும்.

நீ ஒரு வரி கேட்டாய். எழுதுகிறேன். நான் எதையும் தெரியாமல் செய்வதில்லை.

கழிக்குப் படகு கேட்டான். கழிக்குப் படகு கொடுத்தேன். தாழ்ந்த அணியம் கழியில் வலை இழுக்க வசதி. கழியை விட்டு வெளியே போகாமல் இருக்கவும் வசதி. வாயால் சொன்னால் நான் கெட்டவள் ஆவேன் என்று படகை வைத்துச் சொன்னேன். அணியத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு கழியிலேயே நின்றுவிடுவான் என்று நினைத்தேன். என் மகனுக்கு அந்த அளவு புத்தி உண்டு. தாழ்ந்த அணியத்தோடு அலைக்கு முன்னால் போய் நிற்கச் சொன்ன புத்தி அவனுடையதல்ல. தீவு யாருடைய அண்ணனுடையது என்று உனக்கே தெரியும்.

ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாவது மகனுக்கு நான் கடலைக் கொடுப்பதாக இல்லை. இதை நீ வீம்பு என்று சொல்லலாம். உன் வயதில் நானும் பெரியவர்கள் செய்வதை அப்படித்தான் சொன்னேன்.

பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது. சீருடை தைத்தாயிற்று. குட்டியை எட்டாம் தேதி கொண்டுவந்து விடு. அவனுக்குக் கை சரியாகும்வரை உனக்கும் ஒரு சுமை குறையும்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது இன்னொருவர் படுக்கக் கூடாது.

அத்தை


ஆகஸ்ட் 21

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நலம். உன் கை எப்படி இருக்கிறது?

ஜூனிலிருந்து நான் எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பி வந்தது. சிஸ்டர் ஒரு மாதம் இடத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டு வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். "குழந்தை எப்ப வரும்மா?" என்று அவர் கேட்டபோது, குட்டிக்கு அம்மை என்று பொய் சொன்னேன். அந்தப் பள்ளி வாசலில் நான் சொன்ன முதல் பொய் அது.

இந்தக் கடிதத்தைத் தீவில் உன் மச்சான் முகவரிக்கு அனுப்புகிறேன். அவன் வாசலுக்கு நான் கடிதம் எழுதுகிற நாளும் வந்துவிட்டது. கடலுக்குத்தான் போய்விட்டாய் என்றால் அதையாவது எழுது. அட்டை அனுப்பாதே.

கையைத் தூக்கி வைத்துப் படு.

அம்மா


அக்டோபர் 30

அம்மாவுக்கு,

சின்னவன் எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். உங்கள் நலம் அறிய ஆவல். குட்டியும் அவள் அம்மாவும் நலம். மச்சான் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நாங்கள் கடலுக்குப் போகவில்லை. வலது கை தோளுக்கு மேலே வராது. கடல் எனக்கு இனி இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

எதிர்ப்பக்கம் வந்துவிட்டோம். கழியின் மேல்கோடி, கோரைத் திட்டு. உங்கள் மருமகளின் சித்தி வீடு இங்கே இருக்கிறது. ரோடு கோரை அறுக்கும் களத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் இடுப்புவரை இழுக்கிற சேறு. யாரும் நடந்து வர முடியாது. படகு மட்டும்தான்.

உங்கள் படகைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். ஒவ்வொரு அளவும் சரி அம்மா. கட்டில், குட்டி, தையல் மெஷின், எல்லாம் ஒரே நடையில் வந்தன. மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கோல் போட்டால் பாசிக்கு மேலே நழுவிக்கொண்டு போகிறது. ஒற்றைக் கையால் நான் வலை இழுத்தாலும் சாயவில்லை. இங்கே இறால் நன்றாக வருகிறது. நீங்கள் வேறு எந்த அடியைக் கொடுத்திருந்தாலும் இந்த இடத்துக்கு நாங்கள் வந்திருக்க முடியாது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடிதங்களைக் கோரைக் களத்துக் காவல்காரர் வாங்கி வைப்பார். நான் வரும்போது எடுத்துக்கொள்வேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன்


டிசம்பர் 8

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் இடது கை எழுத்து, வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. முன்பே இந்தக் கையால் எழுதியிருக்கலாம்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. கண்ணில் புரை. ஜனவரியில் ஆபரேஷன். ஒரு மாதம் குனியக் கூடாது, வெயிலில் போகக் கூடாது என்கிறார்கள். எனவே மார்ச்சில் வருகிறேன். உன்னைப் பார்க்க அல்ல. உனக்கு என்னைப் பார்க்க ஆசை இருப்பதாக நீ எங்கும் எழுதவில்லை. குட்டியைப் பார்க்க வருகிறேன். சிஸ்டர் அடுத்த ஜூனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சீருடையைப் பிரித்துப் பெரிதாகத் தைத்துவிட்டேன். அவள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று உத்தேசமாகத்தான் தைத்தேன். கழுத்து அளவு மட்டும் கேட்டு எழுது.

பட்டறை லாஞ்சில் வருவேன். அது மிதக்க இரண்டரை அடித் தண்ணீர் வேண்டும். உன் துறையில் தண்ணீர் எவ்வளவு?

குட்டிக்கு நான் வருவதைச் சொல்லி வை.

அம்மா


டிசம்பர் 20

அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.

துறையில் தண்ணீர் இடுப்பளவு.

குட்டிக்கு இப்போது இருமல் இல்லை.

சின்னவன்


மார்ச் 17

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் அத்தை வீட்டில் இப்போது வேறு பேச்சு. கிழவி நடுக்கழியில் சேற்றில் மாட்டிக்கொண்டு, பிள்ளை பெயரைச் சொல்லி அழுதாளாம். இதையும் திருத்துகிறேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் காற்றுப் பட்டால் தண்ணீர் வடியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மற்றபடி நான் நலம். புதுக் கண்ணில் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. தேவைக்கு மேலேயே தெரிகின்றன.

நடந்ததை எழுதி வைக்கிறேன். காலையில் புறப்பட்டோம். கோரை கண்ணில் பட்டபோது லாஞ்ச் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "தண்ணி நெறம் மாறுதும்மா" என்றான். "இடுப்பளவு இருக்கிறது, போ" என்றேன். "யாரு சொன்னா?" என்றான். "என் மகன்" என்றேன். அவன் லாஞ்சை முன்னே விட்டான். கொஞ்ச தூரத்தில் லாஞ்ச் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அவன் கோலை விட்டுப் பார்த்தான். ஒரு சாண் தண்ணீர், அதன் கீழே அடி தெரியாத சேறு.

கரை தெரிந்தது. வீடு தெரிந்தது. நான் கொடுத்த படகு கரையேறாமல் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. நான்கு விரல் போதும் அதற்கு. கோலும் உள்ளே கிடந்தது. நீ வாசலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். லாஞ்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாய். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கிறது. அதையும் பார்த்தேன்.

டிரைவர்தான் கூப்பிட்டான். "ஏம்மா, அந்தப் படகக் கொஞ்சம் கொண்டாங்க! பெரியம்மா ஒக்காந்திருக்காங்க!"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரி கரைக்கு வந்தாள். அவசரப்படாமல் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

"யாரோட இடுப்பு, எந்த மாசத்து இடுப்புன்னு கேக்காம வந்துட்டீங்களே அத்தை!"

டிரைவருக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றாங்க?" என்றான். "தண்ணீர் அளவைச் சொல்கிறாள்" என்றேன்.

அவள் சொன்னது சரி. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற கேள்வியை, உன்னிடம் கேட்க விட்டுவிட்டேன். நான் மார்ச்சில் வருவேன் என்று தெரிந்துகொண்டு டிசம்பர்த் தண்ணீரை எழுதினாய். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எதை எழுதாமல் விடுவது என்பதை நீ நன்றாகக் கற்றிருக்கிறாய். எங்கே கற்றாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

பிறகு குட்டி வெளியே வந்தாள். நான் தைத்த கழுத்து போதாது; அவள் வளர்ந்துவிட்டாள். தண்ணீருக்கு மேலே குரல் நன்றாகக் கேட்கும், உனக்கே தெரியும். "யாரும்மா அது?" என்று கேட்டாள். "படகுக்காரங்க" என்றாள் உன் வீட்டுக்காரி. நீ திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். வழியில் போகிற படகுக்கு எல்லாக் குழந்தைகளும் கையாட்டும். நான் பதிலுக்கு ஆட்டினேன். சீருடைப் பொட்டலம் என் மடியில் இருந்தது.

காற்றுத் திரும்பித் தண்ணீர் இரண்டு விரல் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். டிரைவர் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தான். வேண்டாம் என்றேன். பொழுது சாயும்போது கோல் போட்டுப் போட்டு லாஞ்சைப் பின்னுக்கு எடுத்தான். அதற்குள் நீங்கள் விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தீர்கள்.

நான் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்கிற வழக்கம் எனக்கில்லை. திங்கட்கிழமை ஓடாவியைக் கூப்பிட்டு ஒரு படகு கட்டச் சொன்னேன்.

"யாருக்கும்மா?"

"எனக்கு."

அவர் உளியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "தட்டை அடிதானே?" என்றார். "தட்டை அடி" என்றேன். "அணியம்? உசத்தவா, கொறைக்கவா?" என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"நீயே பார்த்து வை" என்றேன்.

பன்னிரண்டு அடி நீளம். கோல் போட டிரைவர் வருவான். பின்பக்கம் எனக்கு முதுகு சாய ஒரு பலகை. நடுவில் குட்டி உட்கார ஒரு சின்னப் பலகையும், அவள் பெட்டி வைக்கக் காலடியில் இடமும் விடச் சொல்லியிருக்கிறேன். பள்ளி ஜூனில் திறக்கிறது. அதற்கு முன்னால் வருவேன். கதவைச் சாத்தினால் வாசலில் காத்திருப்பேன். இந்தத் தடவை வாசல்வரை வருவேன்.

உன் தோளுக்குப் பழந்துணியைச் சுருட்டி வைத்துப் படு. தாழ்ந்த பக்கத்துக்கு அது தாங்கலாக இருக்கும். உன் வீட்டுக்காரியையும் கேட்டதாகச் சொல்.

மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால், உன் துறையில் தண்ணீர் எத்தனை விரல் என்று கோல் வைத்து அளந்து, மாதத்தையும் தேதியையும் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் அனுப்பு.

அம்மா